எனக்கு முந்திய பெயர்

காலை பத்தேகால் மணி. புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் முட்டைக்கோவாப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் தன் மகனுக்கு ஓஸ்வின் என்று பெயர் வைத்ததாக, கூட வேலை செய்யும் எங்கள் நாட்டவர் சொன்னார். அது என் மகனுக்காக நான் தேடி எடுத்த பெயர்.

பெயரைக் கேட்டே ஆளைப் பிரித்து அடித்த இடத்திலிருந்து தப்பி வந்தவன் நான். நாற்பத்திரண்டு வயதில் பிறந்த பிள்ளைக்கு, இன்னாரென்று பிடிபடாத பெயர் வேண்டுமென்று நூலகத்தில் நாட்கணக்கில் தேடினேன். ஓஸ்வின் பழைய ஆங்கிலப் பெயர். கடவுளின் நண்பன் என்று பொருள். ஒரு காலத்தில் அரசனுக்கே இருந்தது. இப்போது வைப்பவர்கள் மிகக் குறைவு. பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கு என்ற பிறப்புத் தீட்டைக் கழித்துப் பெயர் வைக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பதை மறந்து, இவரிடம் சொல்லிவிட்டேன். இவருடைய மகன் என் மகனைவிட எட்டு நாள் மூத்தவன்.

மெலிந்த மனிதர். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி. யார் என்ன சொன்னாலும் அதன் கடைசிச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

"ஒருத்தரும் வைக்காத பெயர் எண்டுதானே தேடினனான்?" என்றேன்.

"தேடினனான்..." என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். "இப்ப ஒராள் வைச்சாச்சு, அண்ணை."

அந்தப் பெயர் என் வாயைவிட அவர் வாயில் அழகாக இருந்தது. அதுதான் எனக்கு எரிந்தது. பிறகு அவரோடு நான் பேசவில்லை. என் மகனின் முப்பத்தொன்றுக்கும் அழைக்கவில்லை.

ஆனாலும் வந்தார், மனைவியோடு. தன் மகனை என் மடியில் கிடத்தினார்.

"ஊரிலையெண்டா பெரியப்பாதான் பெயர் சொல்லுவார். இங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் சொன்னதைத்தான் வைச்சம், அண்ணை."