கிணற்றுக்குள் அணைந்த மெழுகுதிரி

சுனாமி எங்கள் கிழக்கிலங்கைக் கரையைப் புரட்டிப்போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்முனையில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்துவிட்டு, பக்கத்து ஊரில் இருந்த எங்கள் வீட்டு வளவுக்குத் திரும்பியிருந்தோம். நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

வளவில் மிஞ்சியது ஓர் அறையும் கிணறும்தான். கிணற்றில் கடல்தண்ணீரோடு ஓலையும் குப்பையும் விழுந்து அழுகிக் கிடந்தன. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, பிள்ளைகள் விழுந்துவிடாமல் தகரத்தால் மூடிவைத்தோம். மறுநாள் காலை சேற்றை அள்ளுவதற்காகத் தகரத்தை நீக்கிவிட்டு, வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று விளிம்பில் ஏறினார்.

எனக்கு விஞ்ஞானம் வேப்பங்காய். ஆனால் நாம் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு இருக்கிறதா என்று பார்க்கும் பாடம் மட்டும் எப்படியோ மண்டையில் ஏறியிருந்தது. எரியும் குச்சியை அந்த வாயுவுக்குள் விட்டால் பொசுக்கென்று அணைந்துவிடும். அழுகல் கிடக்கும் கிணற்றின் அடியில் அது தேங்கி ஆளையே கொல்லும் என்றும் ஆசிரியை சொல்லியிருந்தார்.

"வாப்பா, இறங்காதீங்க! முதல்ல மெழுகுதிரி இறக்கிப் பாப்பம்" என்று கத்தினேன்.

"பள்ளிக்கூடத்துக் கதைய அங்க போய்க் கதை மகள். இது நான் பொறந்ததுல இருந்து குடிச்ச கிணறு" என்றார் வாப்பா. சேறு அள்ள உதவிக்கு வந்திருந்த மாமா சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில், ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி நின்றது. அதை ஓட்டிவந்தவர் சிங்களவர், எந்த ஊரோ தெரியாது. யுத்தம் முடிந்திராத காலம் என்பதால் அப்படி யாராவது வந்தாலே நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். அவர் எங்கள் பீப்பாவில் விட்டிருந்த குழாயை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஐயா, தங்கச்சி பயந்து சொல்றது. பாத்தா என்ன நட்டம்?" என்றார் உடைந்த தமிழில்.

தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் சொல்லை வாப்பாவால் தட்ட முடியவில்லை. உம்மா மெழுகுதிரி கொண்டுவந்தா. வாளிக்குள் அதை நிறுத்தி இறக்கினோம், அணைந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும்" என்றார் வாப்பா.

அந்த மனிதர் தன் லைட்டரால் மறுபடி பற்றவைத்து, கயிற்றைத் தானே மெல்ல மெல்ல விட்டார். பாதிக் கிணறு வரை நன்றாகத்தான் எரிந்தது. அதற்குக் கீழே போனதும் யாரோ நுள்ளிவிட்டதுபோல் அணைந்தது. இன்னொரு தடவையும் பார்த்தார். அதே இடத்தில்தான் அணைந்தது.

வாப்பா விளிம்பிலிருந்து இறங்கினார். "யா அல்லாஹ்" என்று உம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டா. நாங்கள் நிதானத்துக்கு வருவதற்குள் பவுசர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

கிணற்றைத் திறந்தே வைத்து, இலைக்கொப்புகளைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைத்தோம். மெழுகுதிரி அடிவரை எரிந்த பிறகுதான், அதுவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான், வாப்பா இறங்கினார்.

பாடத்தைச் சொன்னது நான்தான். ஆனால் பயந்துபோன ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டு, தன் வேலையை நிறுத்திவிட்டு வந்த அந்த மனிதர் இல்லையென்றால் என் சொல் அம்பலம் ஏறியிருக்காது. இன்றைக்கும் தேத்தண்ணியில் சீனி காணாது என்று வாப்பா சத்தம் போடும்போதெல்லாம், பெயர்கூடக் கேட்காமல் விட்ட அவருக்காக மனதுக்குள் துஆ கேட்டுக்கொள்கிறேன்.