தழை போடாமல் தாண்டிய கணவாய்

எங்கள் மாமாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்த வருஷம், அவர் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மறுபடி உயிர் கொடுக்கிற வேலை என் அக்காவின் தலையில் விழுந்தது. நான் நாலாம் வகுப்பு முடித்து முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். வீட்டில் எல்லோரும் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த அந்த லீவைத்தான், எனக்குக் கிடைத்த லீவுகளிலேயே ஜாலியானது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஜவ்வாது மலைமேல் சாமைக் கொல்லையும் புளிய மரங்களும் வைத்துக்கொண்டு, கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருந்தவர். வாலிபத்தில் கீழே ஆலங்காயத்தில் தங்கி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்து, அங்கேயே பாடமும் எடுத்திருக்கிறார். சென்டரை மூடியபோது யாரும் சீண்டாத ஒரு பழைய பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். அதில்தான் அவருடைய விளையாட்டு இருந்தது. படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து வரும்; நாம் பதிலுக்கு எழுத வேண்டும். மாட்டின்மேல் புளி மூட்டையை ஏற்றி, கரடிக்கும் காட்டாற்றுக்கும் தப்பி, கணவாயைத் தாண்டி ஆலங்காயம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் ஜெயிப்பு. பேச்செல்லாம் மலைத் தமிழ். எழுத்து மட்டும் இங்கிலீஷ். அந்தப் பெட்டிக்கு வேறு எழுத்து தெரியாது.

மாமாவுக்கு முதலில் பொழுது சாய்ந்தால் தடுமாற்றம் வந்தது. பிறகு பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியாமல் போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதும் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் தெரியும்போதே பேசும் கம்ப்யூட்டரில் பழகிக்கொள்வது நல்லது, அதைச் சொல்லித்தர வேலூரிலேயே ஓர் இடம் உண்டு, தங்கிப் படிக்கலாம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அங்கேயும் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். மாமா அசையவில்லை.

“நான் எதுக்கு வேலூரு? என் வூடு எனக்குத் தெரியும். என் மரம் எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கினே ஏறி உலுக்குவேன்” என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சுதான் அம்மாவைச் சாப்பிடவிடாமல் செய்தது. அந்தப் பங்குனியில் புளி உலுக்க ஏறியவர் கிளை தெரியாமல் விழுந்து, தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்ந்ததும் மறுபடி ஏறுவார் என்பது ஊருக்கே தெரியும். அம்மா அழுதாள், திட்டினாள், மூக்கைச் சிந்தினாள். கடைசியில் மாமா இறங்கிவந்து ஒரு வார்த்தை கொடுத்தார்.

“சரி தாயி. என் வெளையாட்டு அந்தப் பேசற பொட்டில ஓடட்டும். அப்பறம் வர்றேன்.”

அம்மா அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள். அக்கா திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பு இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் அவளுடைய லேப்டாப்பையும், கூடவே என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா மலையேறிவிட்டாள். அப்பா ஆலங்காயத்தில் தனியாகச் சோறாக்கிக்கொண்டார்.

போன அன்றைக்கே அக்காவின் முகம் செத்துவிட்டது. பழைய பெட்டியில் பென் டிரைவ் சொருக ஓட்டையே இல்லை. இருந்த ஓட்டைக்கு ஏற்ற ஃப்ளாப்பித் தகட்டை வாணியம்பாடிவரை கேட்டும் யாரும் கண்ணில் பார்த்ததில்லை. எப்படியாவது எடுத்தாலும் புது லேப்டாப் அந்தப் புரோகிராமைத் தொடக்கூட மாட்டேன் என்னும், தொடவைத்தாலும் பேசும் குரல் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து இங்கிலீஷாகவே வாசிக்கும் என்றாள். ஒரே ஒரு வரியை அடித்து வாசிக்கவிட்டுக் காட்டினாள். வெள்ளைக்காரத் துரை புளி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆகவே முழுவதையும் புதிதாக எழுதுவது என்று ஆயிற்று. செல்போனில் படம் பிடித்தால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. அதனால் நான் பழைய திரையில் புரோகிராமை வரி வரியாக வாய்விட்டு வாசிக்க, அக்கா லேப்டாப்பில் தமிழ் எழுத்தில் அடித்தாள். பெட்டி உள்ளே கடகடவென்று பல்லைக் கடிக்கும். சூடேறினால் சொல்லாமல் அணைந்துவிடும். மலைக் கரண்டோ வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும் அம்மா கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டாள். இதோடு நின்றுவிட்டால் அண்ணன் மரமேறிவிடுவான் என்று அக்காவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அக்கா நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தாள். மாமா மட்டும் வாசல் பக்கம் உட்கார்ந்து, நான் வாசிப்பதைக் கேட்டபடி வாயைத் திறக்காமல் இருந்தார்.

கடைசி வரியை நான் வாசித்து முடித்த மறுநாள் பெட்டி எழுந்திருக்கவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தாள் அக்கா. அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் எல்லாம் நம் கையில் வந்துவிட்டதே என்று அம்மா பாயசம் வைத்தாள்.

மாமாவை லேப்டாப்பின் முன் உட்காரவைத்தோம். பேசும் குரல் கொஞ்சம் மூக்கடைப்போடு, ஆனால் தமிழில்தான் பேசியது. மாமா தடவித் தடவிப் பதில் அடித்தார். மூட்டையை ஏற்றினார், கரடியைக் கண்டு பாறையின் பின்னால் பதுங்கினார், ஆற்றைக் கடந்தார். கணவாய்க்கு வந்ததும், சும்மா சோதித்துப் பார்க்கிறவர் மாதிரி, தாண்டு என்று மட்டும் அடித்தார். குரல், “கீழ ஆலங்காயம் தெரியுது” என்றது.

மாமா கையை எடுத்துவிட்டார்.

“தழை போடாம எப்பிடித் தாண்டிச்சி?” என்று கேட்டார். “இது என் வெளையாட்டு இல்ல” என்று எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

மலைக்காரர்கள் கணவாயைத் தாண்டும்போது ஒரு பச்சைத் தழையை ஒடித்து அங்கே இருக்கிற குவியலில் போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். அங்கே இருக்கிற சாமிக்கு அது. சுமையோடு போகிறவர்கள் அதைத் தவறவிடவே மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பஸ்ஸில் ஏறி இறங்கிய ஆலங்காயத்துப் பிள்ளையான அக்காவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? புரோகிராமில் தழை என்று வந்ததை மாட்டுக்குத் தின்னப் போடுவது என்று எண்ணிவிட்டாள். மாமாவின் விளையாட்டில், தழை போடாதவரைக் கணவாய் திரும்பத் திரும்ப ஏற்றம் தொடங்குகிற பலா மரத்தடிக்கே கொண்டுவந்து விட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு பேச்சு இருந்தது. அக்கா அதைப் பழைய காலத்துப் பிழை என்று முடிவுகட்டி, அந்தச் சுற்றை அப்படியே வெட்டி எறிந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது ரிப்பேர்.

“அய்யோ, இன்னாடீ பண்ணி வெச்சிக்கிற!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல? எனக்கு இன்னா தெரியும்?” என்று அக்கா ஓவென்று அழுதாள்.

வெட்டிய சுற்று அதிலிருந்த பேச்சோடு போய்விட்டது. நான்தான் வாசித்தேன், ஆனால் எனக்கு ஒரு சொல் ஞாபகமில்லை. பார்த்துக்கொள்ளப் பழைய பெட்டியும் இல்லை. கிணற்றைத் தாண்டியவர்கள் வாய்க்காலில் விழுந்த மாதிரி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வேலூரில் சேர்க்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குமே அழுகை வந்தது, பாயசத்தை யாரும் தொடவில்லையே என்று.

சாயங்காலம் அக்கா கொல்லைக்குப் போய் மாமாவின் எதிரில் நின்றாள். நானும் போனேன்.

“மாமா, தப்பு பண்ணிட்டேன். அந்த எடத்துல இன்னா எழுதியிருந்தீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதாங்க?”

மாமா புளிய மரத்தில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பட்டையை உரித்து உரித்துக் கீழே போட்டார். அக்காவின் கை என் கையை நசுக்கியது. மறந்துபோய்விட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

“பேசற பொட்டிய எடுத்துக்கினு வா” என்றார் மாமா.

ஒரு எழுத்து தடுக்காமல் சொன்னார். “பலா மரத்தடியிலயே நிக்கிற. மாடு உன்ன ஒரு மாதிரி பாக்குது.” அடுத்த சுற்றுக்கு, “மறுபடியும் பலா மரம். மூட்ட கனக்குது. இன்னாத்த மறந்த?” அதற்கடுத்த சுற்றுக்கு, “மாடு படுத்துக்கிச்சி. அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல.” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தாள்.

மறுநாள் காலையில் மாமா விளையாடினார். கணவாயில் தாண்டு என்று அடித்தார். பலா மரம் வந்தது. மறுபடி அடித்தார், பலா மரம். மாடு படுத்துக்கொண்டது. மாமா மேலும் மேலும் அதையே அடித்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே அவருடைய வேட்டி சட்டைகளை மடித்துப் பையில் வைப்பது நின்றுபோயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா மாமா, உங்க வெளையாட்டுல நீங்களே தோக்கறீங்க? தழையப் போடுங்க!”

“இரு பாப்பா. போட்டா எறங்கணும் இல்ல” என்றார் மாமா.

பிறகு போட்டார். குரல், “சாமி வழி வுட்டுடுச்சி. கீழ ஆலங்காயம் தெரியுது” என்றது. நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மாமாவுக்கு நான் ஆறுதல்கூடச் சொன்னேன்.

கொல்லையில் அவர் மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. விளையாட்டு ஓடியிருக்காது, அவரும் மலையிலேயே இருந்திருக்கலாம். அந்த மனிதர் தன் வாயாலேயே சொல்லித் தன்னை இறக்கிக்கொண்டார் என்பது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான். வேலூருக்குப் போக ஏறிய ஆலங்காயம் பஸ்ஸில் நான் ஓடிப்போய்ப் பிடித்த ஜன்னலோர சீட்டை அம்மா மாமாவுக்குக் கொடுத்துவிட்டாள். மாமா கம்பியில் நெற்றியை ஒட்டவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, மலை முடிகிறவரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். சரியாகத் தெரியாதவருக்கு எதற்கு ஜன்னல் என்று நான் அம்மாவிடம் முணுமுணுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை ஏன் எடுக்கவே மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.