ஒருக்களித்துப் படுக்க வைத்தல்

என் தம்பி இன்பராஜ் இறந்த நாற்பத்தோராம் நாள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவனோடு வேலை செய்த பெருமாள் மட்டும் போகவில்லை. வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அடுக்கியதை மறுபடி கலைத்து அடுக்கினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"பிரிசில்லாக்கா, நான் சரியாத்தானே பண்ணேன்?"

எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் செய்தது சரியில்லை என்பதும் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் எனக்கு மட்டும் அதைச் சொல்லியிருந்தார். நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "இரு, டம்ளரை எல்லாம் கழுவிப் போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போய்விட்டேன்.

இன்பராஜுக்கு இருபத்தைந்து வயது. கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் ஆபரேட்டராக இருந்தான். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஊரே தோல் விக்குது, நான் தோலு குளிச்ச தண்ணியக் குளிப்பாட்டுறேன்" என்பான். பிரியாணி வாங்கினால் சோற்றை எங்களுக்கு விட்டுவிட்டு, தொட்டுக்கொள்ளத் தரும் கத்திரிக்காய்க்குச் சண்டை போடுவான். கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று சுருதி தப்பிப் பாடுவான். தப்புகிறது என்று அவனுக்கே தெரியும், சத்தத்தை மட்டும் குறைக்க மாட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனிடம் விளையாட்டு கிடையாது. கழிவுத் தொட்டிக்குள் யார் இறங்கினாலும் இடுப்பில் கயிறு கட்டாமல் விடமாட்டான். இறங்கவே கூடாது என்பதுதான் சட்டம். அடைப்பு எடுக்கிற அவசரத்தில் அங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். "இன்னாடா, மாடு மேய்க்கப் போறியா?" என்று அவனை அதிகம் கிண்டல் செய்தது பெருமாள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் பெருமாளே இறங்கினான். அழுகிய முட்டை நாற்றம் ஒரு நொடி வந்ததாம், அப்புறம் ஒன்றும் தெரியாதாம். இன்பராஜ் பின்னாலேயே குதிக்கவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே போட்டான். காற்று வரும் இடத்துக்குக் கொண்டுபோய் மல்லாக்கப் படுக்க வைத்துச் சட்டையைத் திறந்துவிட்டு, ஓர் அட்டைத் துண்டால் விடாமல் விசிறினான். பெருமாள் கண்ணைத் திறந்ததும், "நல்லா தூங்குனியா மாமா? கூலியில புடிச்சிக்குவாங்க" என்றானாம். அன்றிலிருந்து அவர்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் இல்லை.

சேர்ந்து குடித்தார்கள். சனிக்கிழமை ஒரு குவார்ட்டர். குடித்துவிட்டு வந்தால் இன்பராஜ் அம்மாவிடம் சண்டை பிடிப்பான். பெரிய காரணம் இருக்காது. ஃபேனை ஏன் நிறுத்தினாய், சட்டையை ஏன் அங்கே மாட்டினாய், அவ்வளவுதான். மறுநாள் கோயிலில் அம்மாவின் பக்கம் திரும்பவே மாட்டான். போன கிறிஸ்துமஸுக்கு, குறைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தான்.

குறைக்கவும் செய்தான். "கம்மி பண்ணிட்டேன்க்கா. இப்ப பாதிதான்" என்றான். மிச்சப் பாதிக்கு ஒரு கஞ்சாப் பொட்டலம். அதையும் அவன் என்னிடம் மறைக்கவில்லை. "ரெண்டும் சேர்ந்தா கொஞ்சத்துலயே போதும்னு ஆயிடுதுக்கா. ஜாஸ்தி தேவையில்ல. பேஜார் ஆவாத."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். இரண்டு பொருளில் பாதிப் பாதி எடுத்துக் கலந்தால் வருவது பாதி ஆகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்பான், டிவி விளம்பரத்துக்கெல்லாம் சிரிப்பான், ரசம் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்வான். "புள்ள மாறிட்டான்டி" என்றாள் அம்மா. அந்த அமைதி எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தும் அதில் நானும் நிம்மதியாக இருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டு இருவரும் பாலாற்றுக்குப் போனார்கள். ஆறு காய்ந்துதான் கிடந்தது. ஆளுக்குக் கொஞ்சம் குடித்துவிட்டு, அதற்குமேல் புகைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த இன்பராஜின் முகம் திடீரென்று வெளுத்தது. வேர்த்துக் கொட்டியது. "சுத்துதுடா மாமா" என்று மணலில் சாய்ந்தான்.

பெருமாளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. முள்மரத்தடியிலிருந்து காற்று வரும் வெட்டவெளிக்கு அவனை இழுத்துப் போனான். மல்லாக்கப் படுக்க வைத்தான். சட்டையைத் திறந்துவிட்டான். ஓர் அட்டைப் பெட்டியின் மூடியால் விசிறினான். கொர்கொர் என்று சத்தம் வந்தபோது, குறட்டை விடுகிறான், இனிப் பயமில்லை என்று நினைத்தான். அஞ்சு நிமிஷம் விசிறியிருப்பேன் என்று போலீஸிடமும் சொன்னான். அவன் போனில் இன்பராஜைக் கடைசியாக எடுத்த படத்துக்கும் 108க்குப் பேசியதற்கும் நடுவே ஐம்பது நிமிஷம் இருந்தது; போதையில் அவனுக்கு அது தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "வாந்தி எடுத்திருக்காரு, எழுந்திருக்கிற நினைவு இல்ல. அது மூச்சுக்குழாய்ல இறங்கிடுச்சு. யாராவது ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருந்தா வெளிய வந்திருக்கும்" என்றார்.

டம்ளர்கள் கழுவி முடிந்துவிட்டன. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெருமாள் நிம்மதியாகத் தூங்குவான். அடுத்த ஞாயிறும் யாராவது ஒருவனோடு ஆற்றுக்குப் போவான்.

கூடத்துக்கு வந்து பாயை விரித்தேன். "படு" என்றேன்.

"இன்னாக்கா?"

"படுடா. மல்லாக்க."

படுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெருமாளு, அன்னிக்கி தொட்டியில அவன் பண்ணது உனக்குப் போதுமா இருந்துச்சு. குடிச்சிட்டு விழுந்தவனுக்கு அது சரியில்ல."

கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "அப்போ நான்தான்…"

"உனக்கு யாரும் சொல்லித் தரல. பாதிப் பாதின்னு அவன் சொன்னப்போ சந்தோஷப்பட்டவ நான். எனக்குப் படிப்புல சொல்லித் தந்திருந்தாங்க." பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன். "குடிய விட்டுடுன்னு சொன்னா நீ விடுவியான்னு தெரியல. அதனால இத மட்டும் கத்துக்க. முதல்ல 108. அப்புறம் இப்படி."

அவன் ஒரு கையை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்தேன். ஒரு முழங்காலை மடக்கினேன். தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். வாய் தரையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவ்வளவு பெரிய உடம்பு சுலபமாகத் திரும்பியது.

"இவ்ளோதானாக்கா?" என்றான்.

"இவ்ளோதான்."

"இன்னொரு தடவ காட்டு."

மல்லாக்கத் திரும்பிப் படுத்தான். மறுபடி காட்டினேன். மூன்றாம் தடவை நான் தொடாமலே, கை எது கால் எது என்று முணுமுணுத்துக்கொண்டு தானே திரும்பினான். அப்படியே கிடந்தான். முதுகு மட்டும் குலுங்கியது.

அம்மா உள்ளேயிருந்து வந்து எங்களைப் பார்த்தாள். ஃபேனைப் போட்டுவிட்டுப் போனாள்.