அடிக்கோடு போட்ட கிராபிக்ஸ் கார்டு

போன சனிக்கிழமை சேலத்தில், ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெரிய வெற்றி ஒன்றைச் சாதித்தேன். கம்ப்யூட்டர் திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் பழைய மாடல் வாங்கப் போன இடத்தில், அதே விலைக்குப் புது மாடல்!

"அது ரொம்ப நாளைக்கு முந்தி வந்ததுங்க, யாரும் கேக்கறதில்ல. அதே காசுக்கு இதை எடுத்துக்குங்க சார். லைட்டெல்லாம் எரியும்" என்றார் கடைக்காரர். விடுவேனா? எங்கள் ஊர் மொரப்பூர் வரைக்கும் ரயிலில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

என் மனைவி சுமதி பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மேலே அச்சடித்திருந்ததைப் படித்தாள். அவ்வளவுதான்.

"ஏங்க... நான் எழுதிக் குடுத்தது இதுங்களா?"

"அதைவிடப் புதுசு சுமதி. அதே விலை!"

"புதுசுதான். ஆனா மேக் சாஃப்ட்வேருக்கு இதை அடையாளமே தெரியாது. ரெண்டு அடிக்கோடு எதுக்குங்க போட்டேன், அழகுக்கா?"

சுமதி கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். போன மாதம் பெங்களூரு ஸ்டுடியோ ஒன்று நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது — வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் அவர்கள் அனுப்பும் ஃபைல் மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். இந்தத் திங்கட்கிழமைக்குள் ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. மேக் வாங்கவோ எங்களுக்கு வசதி இல்லை.

"சாதா கம்ப்யூட்டர்லயே மேக் சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டலாமாங்க. நானே அசெம்பிள் பண்ணிக்கறேன்" என்றாள்.

மூன்று வாரம் இணையத்தில் படித்தாள். யார் வீட்டில் எந்தப் பொருளைப் போட்டு மேக் ஓடியது, எதில் மண்ணைக் கவ்வியது... எல்லாம் ஒரு நோட்டில். ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்தாள். பிராசஸர், மதர்போர்டு, கேபினெட் எல்லாம் அதிலேயே கிடைத்துவிட்டன. வைஃபைக்குப் பதில் கேபிள். பவர் சப்ளை மட்டும் புதிது. "நம்ம ஊரு கரண்டுக்கு இதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாதுங்க." கிராபிக்ஸ் கார்டுக்கு நேரே மட்டும் ‘இதேதான்’ என்று எழுதி, இரண்டு கோடு.

"நம்ம ஜாதகத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பாக்கலியே" என்று அப்போது கிண்டல் செய்தேன்.

"பாத்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ரயிலைப் பிடித்து மறுபடியும் சேலம். "புதுசு வேணாம்னு திருப்பறவரு நீங்கதாங்க முதல் ஆளு" என்றபடி கடைக்காரர் பரண் மேல் ஏறி, தூசி தட்டிப் பழையதை எடுத்துக் கொடுத்தார். கடைக்குப் போனால் எது உசத்தி என்று கேட்கிறோம். நமக்கு எது ஒத்துவரும் என்று கேட்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை காலை சுமதி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். இட்லித் தட்டின் குழிகளில் ஸ்க்ரூக்கள் வகைவகையாக. நான் டார்ச் பிடித்தேன் — இந்த முறை சொன்ன இடத்தில், சொன்னபடி. இரண்டு தடவை பாதியில் நின்றது. நோட்டைப் புரட்டினாள், செட்டிங்கில் எதையோ மாற்றினாள். மூன்றாம் தடவை மேக் திரை வந்தது! ஸ்டுடியோ ஃபைல் திறந்தது. மணமகள் தடங்கலே இல்லாமல் மேடையில் நடந்து வந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் புத்தம்புது மேக் வாங்குகிறவருக்குக்கூட இப்படி ஒரு பெருமை வந்திருக்காது.

மேக் கம்பெனிக்கு இதெல்லாம் பிடிக்காது, தெரியும். நாலு சம்பளம் வந்ததும் அசலையே வாங்கிவிடுவதாகச் சுமதி சொல்லியிருக்கிறாள்.

அன்று ராத்திரியே கல்யாணத்தை வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை சாயந்தரம் ஸ்டுடியோக்காரர் போனில் பேசினார். வேலை உறுதி! வைக்கும்முன் கேட்டார்: "நல்லா வேகமா முடிச்சிருக்கீங்க மேடம். எந்த மாடல் மேக்?"

"மொரப்பூர் மாடலுங்க சார். நானே செஞ்சது."

இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் புதுக் கார்டு விஷயத்தை மட்டும்... நமக்குள்ளேயே வைத்துக்கொள்வோமே!