எல்லாப் படமும் பார்த்த கமலவேணி டீச்சர்

போன செவ்வாய்க்கிழமை நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பியூன் வந்து வகுப்பு வாசலில் நின்றார். கமலவேணி டீச்சர் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், மதியத்தோடு பள்ளி விடுமுறை என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த அவர்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் எங்கள் விடுதிப் பள்ளியில் அவர் பூகோளம் நடத்தினார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஆசிரியர் அறையில் அதிகம் பேசமாட்டார்.

பேசுவதற்கு அங்கே ஆண்கள் இருந்தார்கள். அந்த இங்கிலீஷ் உளவாளிப் படங்களில் புதிதாக ஒன்று சேலத்துக்கு வந்து சேர வெகுநாளாகும். அதுவரை பழையவற்றை ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக ஓட்டுவார்கள். திங்கட்கிழமை வந்தால் சண்டைதான். கணக்கு வாத்தியார் பூபதி சாருக்கு உளவாளியாக முதலில் நடித்தவன்தான் ஆண்பிள்ளை; பின்னால் வந்தவன் கோமாளி. டிரில் மாஸ்டருக்குப் புதியவனின் காரும் கருவிகளும் போதும்.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாக்கறதுக்குப் பழசுதானுங்க சார் நல்லாருக்குது. அந்தாளு கண்ணுல சாவு பயம் தெரியும். இப்ப வர்றவனுக்கு அது இல்ல. ஆனா பொம்பளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க. அவன் அறையறான், இவன் சிரிக்கிறான். ரெண்டுலயும் சாகறது அவதான்."

நீங்கள் இதெல்லாம் பார்த்திருக்கிறீர்களா என்று பூபதி சார் கேட்டார்.

"எல்லாமே பாத்திருக்கறனுங்க," என்றார் டீச்சர்.

அவர் சொன்ன கருத்தை விட்டுவிட்டார்கள். பார்த்தார் என்பது மட்டும் பள்ளி முழுக்கப் பரவியது. புருஷன் இல்லாத பெண், ஞாயிற்றுக்கிழமை, சேலம், இங்கிலீஷ் படம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பேசினார்கள். அந்த வருடம் தலைமையாசிரியை ஓய்வு பெறவிருந்தார். பணிமூப்புப்படி அடுத்து வரவேண்டியவர் கமலவேணி டீச்சர்.

தாளாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு டீச்சர், இளம் ஆசிரியையாக இருந்த என்னையும் அழைத்துப் போனார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தாளாளர் இழுத்தார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"அதே கொட்டாயிலதானுங்க பூபதி சாரும் உக்காந்திருந்தாரு. அவரைக் கூப்புட்டுக் கேட்டீங்களா?"

தாளாளர் மின்விசிறியைப் பார்த்தார். ஜூன் மாதம் பூபதி சார் தலைமையாசிரியரானார். திங்கட்கிழமை விவாதம் அவருடைய அறைக்கு மாறியது, காபியோடு.

டீச்சர் படம் பார்ப்பதை விடவில்லை. என்னையும் கூட்டிப்போக ஆரம்பித்தார். ஒருமுறை இடைவேளையில் பூபதி சார் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கூசிப்போனேன். டீச்சர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். "நீ தின்னு அம்மிணி. அவருக்குத்தான் வெக்கம்," என்றார். திரும்பும் பஸ்ஸில் பனிமலையில் உளவாளி சறுக்கிக்கொண்டு போன காட்சியைப் பற்றியும், அது எந்த நாட்டு மலையாக இருக்கும் என்பதைப் பற்றியும் நாமக்கல் வரும்வரை பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பள்ளியில் ஒருநாளும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. பூபதி சார்தான் தலைமை. சினிமா, கேளிக்கை என்று ஒருநாளும் போகாதவர், தவம்போல் வாழ்ந்தவர் என்று பேசினார். செத்த பிறகு அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள், அவர் கேட்காத சான்றிதழ்.

எழுந்தேன். "டீச்சர் எல்லாப் படமும் பாத்தாங்க சார். உங்களுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தோம்," என்றேன். டிரில் மாஸ்டர் அவசரமாக மௌன அஞ்சலிக்கு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் பூபதி சார் என் அருகில் வந்தார். டீச்சர் யார் மேலும் மனத்தாங்கல் வைத்துக்கொண்டவரில்லை, எப்போதோ மன்னித்துவிட்டார், நீங்கள் எதற்கு இதைக் கிளறுகிறீர்கள் என்றார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது டீச்சருக்குக் குரல் எழும்பவில்லை. குனிந்துதான் கேட்டேன். "நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிக்குவாங்க. நம்பாத அம்மிணி. நான் யாரையும் மன்னிக்கல."

அவருடைய சேலையோ புத்தகமோ என்னிடம் இல்லை. அந்தக் கோபம் இருக்கிறது. அதை ஆறவிட மாட்டேன்.