தகரம் கேட்கப் போனவர்

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். நமுனுகுலைப் பக்கம், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் யாருக்கு ஒரு குறை என்றாலும் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்ப் பேச வேண்டியவர் அவர்தான். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. கோயில் கூட்டத்தில் அவர் எழுந்துவிட்டால், சாமிகூடக் காத்திருந்துதான் அபிஷேகம் வாங்கிக்கொள்ளும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைத் தகரம் மாற்றியாக வேண்டும். அக்காவுக்கு அடுத்த காம்பராவில் பிள்ளை பெற்று வந்திருந்த பெண்ணுக்குத் தொட்டில் கட்ட இடமில்லை. எங்கே கட்டினாலும் மேலே ஓர் ஓட்டை. திருநீறு பூசி அத்தானை ஆபீசுக்கு அனுப்பினோம்.

தகரம் கேட்கப் போனவர் மாலையில் கொழுந்து லொறியில் ஒரு சோபாவோடு வந்து இறங்கினார். பங்களாவுக்குப் புதுசு வாங்கியதால் துரை கொடுத்த பழசு. பழுப்பு ரெக்சின் போட்டது.

“தகரம்?” என்றேன்.

“கொழும்புக்கு எழுதியிருக்காங்களாம். தொர நல்ல மனுசன். நாமளும் கொஞ்சம் பொறுத்துப் போகணும்ல?”

பொறுமை என்பதை அத்தான் வாயில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

முழுப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைக்கலாம். சோபாவை லயத்தில் எங்கே மறைப்பது? கதவு நிலையைக் கழற்றித்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. கைகொடுத்தவர்கள் எல்லோரும் தகரத்துக்குக் காத்திருந்தவர்கள். அக்கா அதன்மேல் ஒரு சேலையைப் போர்த்தி, விருந்தாளி வந்தால் மட்டும் விலக்கினாள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

மழை பிடித்தது. அக்காவும் அத்தானும் ஒழுகல் படாத மூலையாகப் பார்த்து சோபாவைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அப்போது பிள்ளைக்காரி நனைந்த சேலையோடு வந்து நின்றாள்.

“தலைவரே, இந்த லயத்துல ஒங்க சோபா மட்டுந்தான் காஞ்சிருக்கு. புள்ள அதுல படுக்கட்டும்.”

பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். குரலில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. 

மறுநாளே அத்தான் ஆபீசுக்குப் போனார். வாயைத் திறப்பதற்குள் துரை முந்திக்கொண்டாராம்.

“என்ன தலைவர், சோபா எப்படி?”

“ரொம்ப வசதிங்க தொர” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் அல்லவா!

வந்த வேகத்தில் கத்தியை எடுத்து சோபாவின் ரெக்சினை உரிக்கத் தொடங்கினார். “ஐயோ, நல்ல சாமானுங்க!” என்று அக்கா கத்தினாள். அவர் காதில் விழவில்லை. ஏணி வைத்து ஏறி, பிள்ளைக்காரியின் கூரையில் ரெக்சினை விரித்து, ஆணி அடித்து, மேலே கல்லையும் வைத்தார். அன்றுதான் அங்கே தொட்டில் கட்டினார்கள். அக்கா வெறும் பஞ்சின்மேல் உட்கார்ந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே துரை லயத்துப் பக்கம் வந்தார். அண்ணாந்து பார்த்தவருக்கு அந்தப் பழுப்பு நிறம் தெரிந்துவிட்டது.

“தலைவர், அது நம்ம சோபாதானே?”

“ஆமாங்க தொர. அந்த ஒரு காம்பரா மட்டும் இப்ப ஒழுகலீங்க” என்றார் அத்தான். “மத்த காம்பராவுக்கு ரெக்சின் பத்தல. தகரம் எப்ப வருதுங்க?”