அம்மாவின்ரை மரண அறிவித்தல், பங்க் ட்ரம்ஸோட

எங்கட படிக்கட்டுச் சுவரில போன கிழமை ஒரு கடுதாசி ஒட்டிக் கிடந்தது. கீழ்வீட்டு டேனிஷ் பெடியன் எழுதினது. சனிக்கிழமை தனக்குப் பிறந்தநாளாம், கொஞ்சம் சத்தம் வருமாம், உன்ஸ்குல். உன்ஸ்குல் எண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இன்னும் சத்தமே போடேல்லை மக்களே, அதுக்குள்ள மன்னிப்பு! மன்னாரில எங்கட ஒழுங்கையில கலியாணவீட்டுக்காரர் ஸ்பீக்கரை எங்கட யன்னலுக்கு நேரா கட்டிப்போட்டு, பேந்து வந்து "ஏன் சாப்பிட வரேல்லை" எண்டு எங்களைத்தான் ஏசுவினம். பதின்மூண்டு வயசில டென்மார்க்குக்கு, இந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்தனான், பத்து வருசமாச்சு, இந்தக் கடுதாசி மட்டும் இன்னும் பழகேல்லை. நான் இப்ப எழுதுறதும் ஒரு சத்தத்தைப் பற்றித்தான். ஆனா இதுக்கு என்னட்ட உன்ஸ்குல் கிடையாது. முன்னமும் இல்லை, பின்னமும் இல்லை.

விசயம் இதுதான். விபோர்க்கில இருக்கிற நாயகம் அங்கிள் ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு எங்கட சமூக வானொலியில தமிழ் நிகழ்ச்சி செய்யிறவர். ஸ்டூடியோப் பக்கமே வரமாட்டார், தன்ரை வீட்டு நிலக்கீழ் அறையில இருந்து கம்ப்யூட்டரால லைவ். பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, பேந்து மரண அறிவித்தல். சனம் ரேடியோ போடுறதே அந்த அறிவித்தலுக்குத்தான், ஆர் செத்தது எண்டு அறிய. அதை ஆறு வருசம் வாசிச்சது என்ரை அம்மா. கிழமை முழுக்க வயோதிபர் இல்லத்தில டேனிஷ் கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டிற மனிசி, சனிக்கிழமை வந்தா எதிரொலி வராமலிருக்கப் போர்வையைத் தலையால மூடிக்கொண்டு, போனில வாசிச்சு ரெக்கோட் பண்ணி அங்கிளுக்கு அனுப்புவா. "பிறப்பிடமாகவும்... வதிவிடமாகவும் கொண்ட..." எண்டு அம்மா தொடங்கினா அங்கால இக்காஸ்ட் ஊர் வரைக்கும் வெங்காயம் வெட்டுற கை நிக்கும். அந்தக் குரல் ஆரின்ரை எண்டு அங்கிள் ஒரு நாளும் சொன்னதில்லை. "தயாரித்து வழங்கியவர்" எண்டு தன்ரை பேரை மட்டும் மூண்டு தரம் சொல்லுவார்.

போன பனிக்காலம் ஒரு ஐயா செத்தவர். குடும்பம் அனுப்பின லிஸ்டில ரெண்டு மகன்மார், மருமக்கள், பேரப்பிள்ளையள், கனடாவில இருக்கிற ஒண்டுவிட்ட தம்பி வரைக்கும் இருக்கினம். மகள் ஜெனிற்றா மட்டும் இல்லை. ஏனெண்டா ஜெனிற்றா ஒரு டேனிஷ் பொம்பிளையோட குடும்பமா இருக்கிறா. அவவுக்கும் என்ரை அம்மாவுக்கும் ஒரே வயோதிபர் இல்லத்திலதான் வேலை. தகப்பன்ரை கடைசிக் கிழமையள்ல ஆஸ்பத்திரிக் கதிரையில விடிய விடியக் குந்தியிருந்தது அவதான் எண்டு அம்மாவுக்குத் தெரியும். அம்மா ஒருத்தரையும் கேக்கேல்லை. "ஜெனிற்றாவின் பாசமிகு தந்தையும்" எண்டு தானே சேர்த்து வாசிச்சு அனுப்பீட்டா. அங்கிள் கேட்டுப் பாக்காமலே போட்டுட்டார். அடுத்த ஞாயிறு ரேடியோவில அவற்றை குரல்: "கடந்த வார அறிவித்தலில் வாசித்தவரின் தவறுக்கு மனம் வருந்துகிறோம்." பேந்து போன் எடுத்தார். "தங்கச்சி, இனி நீங்கள் வாசிக்க வேண்டாம். பொம்பிளையளுக்கு இதில உணர்ச்சி கூடிப்போகுது, என்ன?" அம்மா "ஓம் அண்ணை" எண்டு மட்டும் சொல்லீட்டு, அந்தப் போர்வையை மடிச்சு அலுமாரியின்ரை அடித்தட்டில வைச்சா. எனக்குத் தலை கொதிச்சுது. வாசிக்கேக்கையும் பேர் இல்லை, குற்றம் சாட்டேக்கையும் பேர் இல்லை. வாசித்தவராம்! அண்டைக்கே முடிவெடுத்திட்டன், இந்தாளின்ரை வாயாலயே அம்மான்ரை பேரைச் சொல்ல வைக்கிறது எண்டு.

அதே வானொலியில, அங்கிளுக்கு முந்தின மணித்தியாலம், ரெண்டில இருந்து மூண்டு வரை, கியர்ஸ்டனும் நானும். கியர்ஸ்டனுக்கு அறுபத்தாறு வயசு, பஸ் ஓடிப் பென்சன் எடுத்தவ, இளந்தாரி வயசில ஓர்ஹூஸ் நகரத்தில பொம்பிளையள் மட்டும் இருந்த பங்க் பாண்டில ட்ரம்ஸ் அடிச்சவ. நிகழ்ச்சிக்குப் பேர் ரோடெகாசன், கண்டது நிண்டதெல்லாம் எறிஞ்சு வைக்கிற பெட்டி எண்டு அர்த்தம். உள்ளடக்கமும் அப்பிடித்தான். மீன்பிடிக்காரற்றை அக்கோடியன், எத்தியோப்பியாச் சக்சபோன், எங்கட பைலா, எல்லாம் போகும். அந்த மாசம் முழுக்கப் பங்க் பெட்டையளின்ரை பாட்டு, கியர்ஸ்டனின்ரை பழைய ட்ரம்ஸும் ஸ்டூடியோவுக்க. கேக்க வந்தவங்கள் மேடைக்குப் பியர் போத்தில் எறிவாங்களாம், இவை பிடிச்சுத் திருப்பி எறிவினமாம். "பங்க் எண்டா பெரிசாக் கத்துறது இல்லை," எண்டு கியர்ஸ்டன் ஒருக்கா சொன்னவ. "இறங்கு எண்டு சொன்ன பிறகும் மேடையில நிக்கிறது."

நான் உடன அங்கிளே செத்திட்டார் எண்டு ஒரு மரண அறிவித்தல் எழுதினன். முழு ஃபோர்மட்டில. விபோர்க்கை வதிவிடமாகவும் கொண்ட, பெருமைக்குப் பாசமிகு கணவரும், அது இது எண்டு. ஞாயிறு அம்மாவை இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய்க் கடுதாசியைக் கையில குடுத்தன்.

"விசரே உனக்கு? உயிரோட இருக்கிற மனிசனுக்கு வாசிக்கச் சொல்லுறாய்?"

"அந்தாள் உங்களை உயிரோட புதைச்சவர் தானேம்மா?"

"பாவமடி. நான் மாட்டன்." பேந்து என்ரை பேனையைப் பறிச்சு, அங்கிளின்ரை பேரை வெட்டித் தன்ரை பேரை எழுதினா. "எனக்கெண்டா நான் வாசிக்கலாம் தானே?"

கியர்ஸ்டனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அம்மா மெல்லமா வாசிச்சுப் பாக்கிறதைக் கேட்டிட்டு "இது கவிதையோ?" எண்டா. மரண அறிவித்தல் எண்டன். "ஆர் செத்தது?" ஒருத்தரும் இல்லை எண்டன். "ஃபெட்!" எண்டு சொல்லீட்டுக் குச்சியைத் தூக்கினா. சூப்பர் எண்டு அர்த்தம். வேற ஒரு கேள்வியும் கேக்கேல்லை, அதுக்காகவே எனக்கு அவவைப் பிடிக்கும்.

ரெண்டு முப்பத்தஞ்சு. மூண்டு மணிக்கெண்டு முன்னமே ரேடியோவைப் போட்டு வைக்கிற எங்கட சனம் அடுப்படிகள்ல நிக்குது. அம்மா மைக்கில: "மன்னாரைப் பிறப்பிடமாகவும், டென்மார்க் ஹொல்ஸ்டெப்ரோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி ரெஜினா மரியதாஸ் அவர்களின் குரல்..." கியர்ஸ்டன் அடியெண்டா அடி. மிச்சத்தை அம்மா அந்த அடிக்கு மேல கத்தித்தான் வாசிச்சா: அந்தக் குரல் ஆறு வருசம் பேரில்லாமல் உழைச்சது, ஒரு மகளின்ரை பேரைச் சொன்னதுக்காக நிப்பாட்டப்பட்டது, அன்னாரின் குரல் இண்டு ரெண்டு முப்பத்தஞ்சுக்கு உயிர்த்தெழுந்தது. அம்மா அப்பிடிக் கத்தி நான் கேட்டதேயில்லை. கழுத்து நரம்பு புடைச்சு நிண்டுது.

ஆனா எங்கட சனம் மிச்சத்தைக் கேக்கிற சனமோ? பிறப்பிடம், வதிவிடம், பேர். மூண்டும் வந்தா காணும், கை போனுக்குப் போயிடும். ஸ்டூடியோப் போன் அடிக்கத் தொடங்கிச்சுது. வருசத்தில ரெண்டு தரம் அடிக்கிற போன். கியர்ஸ்டன் எடுத்துக் கேட்டிட்டுக் கண் விரிச்சா. "அழுகினம்! எங்கட ஷோவைக் கேட்டு அழுகினம்!" எனக்கு அந்த நிமிசமே விளங்கீட்டுது. மைக்கைத் திறந்து, அம்மா உயிரோடதான் இருக்கிறா எண்டு ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஸ்டூடியோவுக்க மொபைல் நிப்பாட்டி வைக்கிறது சட்டம், அதால எங்களைப் பிடிக்கேலாது. அப்பா இக்காஸ்டில வேலையில, அவற்றை போன் லொக்கருக்க. ஒரு வரி. நான் சொல்லேல்லை. அடுத்த பாட்டைப் போட்டன்.

மூண்டு மணிக்கு பஸ்ஸில ஏறி, இயர்போனில ஒண்டு அம்மாவுக்கு, ஒண்டு எனக்கு. அங்கிளின்ரை நிகழ்ச்சி. வழமையான இசை இல்லை, சோகப் புல்லாங்குழல். "எங்கள் வானொலியின் இனிய குரல்... ஆறு ஆண்டுகளாக உங்கள் இல்லங்களைத் தேடி வந்த குரல்... என் உடன்பிறவாச் சகோதரி, திருமதி ரெஜினா மரியதாஸ்..." குரல் உடைஞ்சு அழுகிறார். நாலு தரம் பேர் சொன்னவர், நான் எண்ணினன். அம்மா சிரிக்கத் தொடங்கினா. டேனிஷ் பஸ்ஸில ஆரும் அப்பிடிச் சிரிக்கிறேல்லை, முன் சீற்றெல்லாம் திரும்பிப் பாத்தது. "பாத்தியே," எண்டா அம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு. "பேர் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அப்பாவின்ரை வேலையிடத்துக்குப் போன் எடுத்து அவரை மட்டும் கூப்பிட்டுச் சொன்னம், அது நியாயம். வீட்டை போனா, காப்பி குடிக்க வாறதெண்டாலும் ரெண்டு கிழமைக்கு முன்னம் நேரம் கேக்கிற நாட்டில, படிக்கட்டு முழுக்கச் சொல்லாமக் கொள்ளாம வந்த சனம். வெள்ளைச் சீலை, கையில பாண், தேத்தண்ணிப் போத்தில். கீழ்வீட்டுப் பெடியன் கதவு இடுக்கால பாக்கிறான். வாற வழியில வாங்கின லீக்ஸ் பையோட அம்மா படி ஏற, ஒரு அன்ரி "மாதாவே" எண்டு குழறிக்கொண்டு படியிலயே குந்தீட்டா. அஞ்சு மணிபோல அங்கிளும் கறுத்த ரை கட்டிக்கொண்டு வந்து சேந்தார். கதவைத் திறந்தது அம்மா.

"தங்கச்சி... நீங்கள்..."

"வாங்கோ அண்ணை. செத்தவீட்டுத் தேத்தண்ணி இருக்கு."

"இது என்ன விளையாட்டு? சனத்துக்கு முன்னால நான் அழுதனான்!"

"வாசிச்சதை முழுக்கக் கேட்டனியளோ?"

அங்கிள் ரையை இழுத்துச் சரிசெய்தார். நான் விடேல்லை. "பிழையா வாசிச்சதுக்கு அடுத்த கிழமை வருந்துங்கோ அங்கிள். இந்த முறை பேரோட." முழுக்கக் கேட்ட ஒரே ஆளின்ரை மெசேஜ் அப்பதான் அம்மான்ரை போனுக்கு வந்தது. ஜெனிற்றா. "கேட்டன். கடைசி வரைக்கும்."

அடுத்த ஞாயிறு அங்கிள் என்ன சொன்னவர் தெரியுமோ? "கடந்த வாரம் வாசித்தவரின் தவறுக்கு வருந்துகிறோம்." வாசித்தது அவர்தான்! சரி, வருந்தட்டும். அவர் அழுதழுது அம்மான்ரை பேர் சொன்னது என்னட்ட ரெக்கோட் கிடக்கு. ரோடெகாசன் இப்ப ஒவ்வொரு கிழமையும் அதோடதான் தொடங்குது, அந்த அழுகைக்குப் பின்னால கியர்ஸ்டனின்ரை ட்ரம்ஸ். அழிக்கச் சொல்லி மூண்டு தரம் ஆள் அனுப்பீட்டார். அழிக்க மாட்டன். பங்க் பாட்டுகளுக்கு நடுவில அம்மா அறிவித்தல் வாசிக்கிறா, விடுபட்ட மகள்மார் எல்லாற்றை பேரும் சேர்த்து. அந்தச் செத்தவீட்டுக் கூட்டத்துக்குப் பிறகு அம்மா படிக்கட்டுச் சுவரில ஒரு கடுதாசி ஒட்டினவ: "ஒருத்தரும் சாகேல்லை." உன்ஸ்குல் எழுதேல்லை. எனக்குப் பெருமையோ பெருமை.

ஒரே ஒரு விசயம்தான் எனக்குக் கொதி. மூண்டு மணிக்கு பஸ்ஸில ஏறினதும் அம்மா இப்பவும் அங்கிளின்ரை நிகழ்ச்சியைத்தான் போடுறா. "ஏனம்மா?" எண்டு கத்தினன். "மன்னாரில நான் கேட்ட பாட்டு வேற எங்க போகுது?" எண்டா. ஒரு காதில மட்டும் இயர்போன். மற்றக் காதில போடமாட்டா, இறங்கிற தரிப்பு தவறிப்போடும் எண்டு. அந்தக் காதில, பஸ் ஸ்பீக்கரால, ஒரு டேனிஷ் பொம்பிளை ஒவ்வொரு தரிப்பின்ரை பேரையும் வடிவா, பிழையில்லாமச் சொல்லிக்கொண்டு வாறா. எத்தினை வருசமாச் சொல்லுறாவோ. அவவின்ரை பேர் எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது.